நார்மலா, சிசேரியனா? டாக்டரின் முடிவை மருத்துவம் மட்டும்தான் தீர்மானிக்கிறதா?

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் நடக்கும் 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 64 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. இது 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு தரும் கணக்கு.

ஒரே மாநிலம், ஒரே மருத்துவப் பாடப் புத்தகங்கள். பல ஊர்களில் காலையில் அரசு மருத்துவமனையில் பார்க்கும் அதே டாக்டர், மாலையில் தனியார் கிளினிக்கிலும் உட்காருகிறார். அப்படியிருக்க, வாசல் மாறினால் கத்தி எடுக்கும் வாய்ப்பு ஏன் இவ்வளவு மாறுகிறது?

"டாக்டருங்க எல்லாம் காசு பாக்கறாங்க" என்பது டீக்கடைப் பதில். "நாங்கள் உயிரைக் காப்பாற்றுகிறோம், எங்களைக் குற்றம் சொல்கிறார்கள்" என்பது டாக்டர்கள் தரப்புப் பதில். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் முழு விஷயத்தைச் சொல்லவில்லை. பணம், நேரம், வழக்கு பயம், ஆள் பற்றாக்குறை, குடும்பத்தின் ஆசை என மருத்துவத்துக்கு வெளியே உள்ள பல விஷயங்கள் ஒரு சிகிச்சை முடிவுக்குள் நுழைகின்றன. அதில் பல, டாக்டருக்கே தெரியாமல் நுழைகின்றன.

அம்மாபேட்டையிலிருந்து பார்த்தால்...

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று அம்மாபேட்டை. நெசவுக்குப் பேர்போன பகுதி. இங்கே ஒரு நெசவுக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தின் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மக்கள் வாயில் 'ஜி.எச்'. இன்னொன்று, பக்கத்திலேயே இருக்கும் ஏதாவது ஒரு நர்சிங் ஹோம்.

ஜி.எச்-சில் செலவில்லை, ஆனால் கூட்டம். நர்சிங் ஹோமில் கவனிப்பு உண்டு, கடனும் உண்டு. குடும்பம் இந்த இரண்டை வைத்துத்தான் யோசிக்கும். ஆனால் அந்தத் தேர்வோடு சேர்ந்து, அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் நடக்கும் வாய்ப்பும் மாறுகிறது என்பது பெரும்பாலான வீடுகளில் யோசிக்கப்படுவதே இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு முரண்பாடு இருக்கிறது. சேலம் ஜி.எச் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத்தான் சுற்று வட்டாரத்திலிருந்து சிக்கலான பிரசவங்கள் அனுப்பப்படுகின்றன. ரத்த அழுத்தம் எகிறியவர்கள், ரத்தப்போக்கு நிற்காதவர்கள், கடைசி நேரத்தில் நர்சிங் ஹோம் கைவிரித்தவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் அது. மருத்துவக் காரணம் மட்டும்தான் முடிவு செய்கிறது என்றால், சிசேரியன் விகிதம் அரசுத் தரப்பில்தானே அதிகமாக இருக்க வேண்டும்? மாநிலக் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

கேரளத்தில் மட்டும் ஏன் வித்தியாசம் இல்லை?

"தனியாருக்கு வருபவர்கள் வயது கூடியவர்கள், வசதியானவர்கள், குழந்தையின்மை சிகிச்சை எடுத்தவர்கள். அதனால்தான் சிசேரியன் அதிகம்" என்று ஒரு விளக்கம் உண்டு. ஓரளவுக்கு நியாயமானதுதான். ஆனால் பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் அது போதாது என்று தெரியும்.

அதே ஆய்வின்படி கேரளத்தில் தனியார் மருத்துவமனைகளில் சிசேரியன் 39.9 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 37.2 சதவீதம். இடைவெளி 3 புள்ளிகூட இல்லை. தமிழ்நாட்டில் அந்த இடைவெளி 28 புள்ளி. தெலங்கானாவில் தனியாரில் 81.5, அரசில் 44.5. மேற்கு வங்கத்தில் தனியாரில் 82.7, அரசில் 22.9. பெண்களின் உடல் மாநில எல்லையில் மாறுவதில்லை. மாறுவது மருத்துவமனைகள் இயங்கும் விதம்.

ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் 2024ல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதையேதான் சொன்னது. குடும்ப நல ஆய்வின் தரவுகளை வைத்து தமிழ்நாட்டையும் சத்தீஸ்கரையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பிரசவம் எங்கே நடக்கிறது, அரசிலா தனியாரிலா என்பதுதான் சிசேரியன் வாய்ப்பை அதிகம் பாதிக்கிறது என்று தெரிந்தது. இன்னொரு விஷயமும் வெளியே வந்தது: சத்தீஸ்கரில் வசதியுள்ளவர்களுக்குச் சிசேரியன் அதிகம். தமிழ்நாட்டில் தனியாருக்குப் போகும் ஏழைப் பெண்களுக்கு அது அதிகம். அம்மாபேட்டை போன்ற உழைக்கும் மக்கள் பகுதியில் வசிப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

சிசேரியன் என்றாலே தப்பா?

இல்லவே இல்லை. குழந்தைக்கு மூச்சுத் திணறல், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பது, தொப்புள்கொடி முதலில் வெளியே வந்துவிடுவது, பிரசவம் நடுவில் அடைபட்டு நிற்பது போன்ற நேரங்களில் சிசேரியன்தான் இரண்டு உயிரையும் காப்பாற்றும். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 54 தாய்மார்கள்தான் இறக்கிறார்கள் (2018-20). இந்தியாவின் சராசரி 97. இந்தச் சாதனையில், ஆபரேஷன் வசதியுள்ள 'சீமாங்' மையங்கள் மாவட்டந்தோறும் வந்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

குறைவாக இருந்தாலும் ஆபத்துதான். பீகாரின் அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் வெறும் 3.6 சதவீதம். அங்கே தேவைப்பட்ட பல பெண்களுக்கு அது கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எவ்வளவு சரி? 10 முதல் 15 சதவீதம் என்று 1985ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2015ல் அதைத் திருத்தி விளக்கியது: ஒரு நாட்டில் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு சிசேரியன் கூடினாலும் தாய்-சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை. ஒரு எண்ணைத் துரத்துவதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைப்பதுதான் முக்கியம் என்றும் அது சொன்னது.

தேவையில்லாத சிசேரியனுக்கு விலை உண்டு. ரத்த இழப்பு, தொற்று, மெதுவாகத் தேறுவது போன்றவை உடனடி விலை. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் பெரும்பாலும் சிசேரியன்தான். ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும், நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். தறியிலோ கடையிலோ வேலைக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டிய பெண்ணுக்கு, எழுந்து நடமாட ஆகும் கூடுதல் வாரங்கள் நேரடி வருமான இழப்பு.

முடிவுக்குள் என்னென்ன நுழைகிறது?

1. நேரம்: முதல் பிரசவம் என்றால் வலி எடுத்ததிலிருந்து குழந்தை வெளியே வர அரை நாளோ அதற்கு மேலோ ஆகலாம். கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகும்கூட 12 மணி நேரம் வரை ஆகலாம், மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம் என 2018ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சிசேரியன் சுமார் ஒரு மணி நேர வேலை. வெளிநோயாளிகள், வார்டு, இன்னொரு மருத்துவமனை என்று ஓடும் ஒரே டாக்டருக்கு, எப்போது முடியும் என்று தெரியாத பிரசவத்தைவிட, தேதியும் மணியும் குறித்த ஆபரேஷன் எவ்வளவு வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2. பணம்: நார்மல் டெலிவரிக்கு ஒரு 'பேக்கேஜ்', சிசேரியனுக்கு அதைவிடப் பெரிய 'பேக்கேஜ்'. ஆபரேஷன் தியேட்டர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், கூடுதல் நாள் ரூம் வாடகை, மருந்து எல்லாம் சேரும். பத்து மடங்கு நேரம் எடுக்கும் வேலைக்குக் குறைந்த கட்டணம், சீக்கிரம் முடியும் வேலைக்கு அதிகக் கட்டணம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்தத் தொழிலிலும் மனிதர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ள மாட்டார்கள்.

3. ஆள் பற்றாக்குறை: இதை வெளியே யாரும் பேசுவதில்லை. சின்ன நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து நிபுணரும் குழந்தை மருத்துவரும் முழு நேரம் இருக்க மாட்டார்கள், கூப்பிட்டால்தான் வருவார்கள். இரவு 2 மணிக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு திடீரென்று குறைந்தால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடத்தில் வருவார்? இந்தப் பயத்தில், சாயங்காலம் 6 மணிக்கே "எதுக்கும்மா ரிஸ்க், எடுத்துடலாம்" என்று முடிவாகிறது. அந்த டாக்டர் பணத்தாசை பிடித்தவர் இல்லை. தன் மருத்துவமனையால் இரவில் என்ன முடியாது என்று தெரிந்தவர். ஆனாலும் அது மருத்துவக் காரணம் இல்லை, நிர்வாகக் காரணம்.

அரசுத் தரப்பில் 36 சதவீதம் என்பதும் சின்ன எண் இல்லை. நாட்டின் அரசு மருத்துவமனைகளின் சராசரி 14.3 சதவீதம்தான். சிக்கலான கேஸ்கள் வந்து குவிவது ஒரு காரணம். ஒரே நேரத்தில் பல பிரசவங்களைப் பக்கத்தில் இருந்து கவனிக்கப் போதிய நர்ஸ்கள் வேண்டும் என்பது இன்னொன்று.

4. பயம்: 1995ல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளிக்குக் கிடைத்த பெரிய உரிமை அது. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு போட வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் டாக்டருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது.

சட்டத்தைவிடப் பெரிய பயம் கும்பல். மருத்துவமனைகளைத் தாக்குவோருக்கு எதிராக 2008லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தும், 2024 நவம்பர் 13ல் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைக்குள் ஒரு டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். இந்தச் சூழலில் டாக்டர்கள் போடும் கணக்கு எளிது: ஆபரேஷன் செய்து ஏதாவது ஆனால், "முடிந்ததையெல்லாம் செய்தோம்" என்று சொல்லலாம். காத்திருந்து ஏதாவது ஆனால், "ஏன் முன்னாடியே ஆபரேஷன் பண்ணல?" என்ற கேள்வி வரும். அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு தாய் மரணமும் தணிக்கைக்குப் போகிறது. அது அவசியமானதுதான். ஆனால் அங்கேயும் கேள்வி வருவது செய்யாத ஆபரேஷனுக்குத்தான். தேவையில்லாமல் செய்த ஆபரேஷனுக்கு விளக்கம் கேட்பவர்கள் குறைவு.

5. குடும்பம்: "டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை காலைல ஒம்போதரைக்குள்ள நல்ல நேரம் பாத்து வெச்சிருக்கோங்க, அதுக்குள்ள எடுத்துடுங்க." சேலம் வட்டாரத்தில் மகப்பேறு டாக்டர்களுக்குப் பழகிப்போன கோரிக்கை இது. ஜோசியர் குறித்த நேரத்துக்காக 39 வாரம் நிறைவதற்கு முன்பே எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுப் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகம். "புள்ள வலி தாங்க மாட்டா" என்று அம்மா அழுவதும், "கையோடு குடும்பக் கட்டுப்பாடும் முடிச்சுடலாம்" என்று மாமியார் சொல்வதும்கூட இந்தப் பட்டியலில் வரும். மறுத்தால் குடும்பம் அடுத்த தெரு மருத்துவமனைக்குப் போய்விடும் என்பது டாக்டருக்குத் தெரியும்.

நோயாளியே டாக்டராக இருந்தால்?

மருத்துவக் காரணம் எது, மற்றவை எது என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. எல்லாம் தெரிந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை தரப்படுகிறது என்று பார்ப்பது.

அமெரிக்காவில் எரின் ஜான்சன், மரிட் ரெஹாவி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் கலிஃபோர்னியா, டெக்சாஸ் பிரசவப் பதிவுகளை எடுத்து 2016ல் இதைச் செய்தார்கள். பிரசவத்துக்கு வந்த பெண்ணே டாக்டராக இருந்தால், அதே போன்ற படிப்பும் வசதியும் உள்ள மற்ற பெண்களைவிடச் சிசேரியன் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைவு. மருத்துவமனைக்குச் சிசேரியனால் லாபமா, நஷ்டமா என்பது சாதாரண நோயாளிகளின் சிகிச்சையை மாற்றியது. டாக்டர் நோயாளிகளின் சிகிச்சையை மாற்றவில்லை.

கேள்வி கேட்கத் தெரிந்தவரிடம் மருத்துவம் பேசுகிறது, கேட்கத் தெரியாதவரிடம் மற்றவையும் சேர்ந்து பேசுகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பிரசவத்தில் மட்டும்தானா?

இல்லை. மருந்துச் சீட்டிலும் இதே கதைதான். இதற்கு நாடே பேசிய வழக்கு ஒன்று சென்னையிலிருந்து போனது. அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனம், 'ஜின்கோவிட்' என்ற சத்து மாத்திரையைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துவதற்காக டாக்டர்களுக்குத் தங்கக் காசு, எல்சிடி டிவி, ஃப்ரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுக் கட்டணம் என்று கொடுத்த 4.72 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைத் தொழில் செலவாகக் காட்டி வரிச் சலுகை கேட்டது. 2010-11 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கு அது. வருமான வரித் துறை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்தது.

டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று 2009 டிசம்பரிலேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்திருந்தது. "அந்த விதி டாக்டர்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை" என்பது நிறுவனத்தின் வாதம். 2022 பிப்ரவரி 22ல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. வாங்குவது தடை என்றால் கொடுப்பதும் தடைதான், அதற்கு வரிச் சலுகை கிடையாது என்றது. டாக்டர் எழுதுவதை நோயாளி இறுதி வார்த்தையாக நம்புகிறார், பரிசுகளின் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி அதே நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

"ஒரு பேனாவுக்கும் பிரியாணிக்கும் என் மருந்துச் சீட்டை மாத்திடுவேனா?" என்று டாக்டர்கள் கேட்பது உண்டு. 2016ல் அமெரிக்காவில் சுமார் 2.8 லட்சம் டாக்டர்களின் தரவுகளை வைத்து வந்த ஆய்வு, 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாட்டை வாங்கிக்கொண்ட டாக்டர்கள்கூட அந்த நிறுவனத்தின் பிராண்டை அதிகமாக எழுதியதைக் காட்டியது.

பணமே சம்பந்தப்படாத இடத்திலும் முடிவுகள் சாய்கின்றன. அமெரிக்காவில் சளி, தொண்டை வலி போன்ற மூச்சுப்பாதைத் தொற்றுகளுக்காக வந்த 21,867 பேரின் பதிவுகளைப் பார்த்த 2014 ஆய்வு ஒன்று உண்டு. ஓ.பி. தொடங்கிய முதல் மணி நேரத்தைவிட நான்காவது மணி நேரத்தில் ஆன்டிபயாடிக் எழுதப்படும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் கூடியிருந்தது. காரணம் களைப்பு. "இது வைரஸ், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது" என்று விளக்க ஐந்து நிமிடம் ஆகும், எழுதிக் கொடுக்க ஐந்து விநாடி போதும்.

இன்னொன்று 2020ல் வந்தது. மாரடைப்பு வந்தவர்களில், 80 வயது நிறைந்து இரண்டு வாரம் ஆனவர்களுக்கு பைபாஸ் செய்யப்படும் வாய்ப்பு, 80 நிறைய இரண்டு வாரம் இருந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. உடம்பில் எந்த மாற்றமும் இல்லை. கேஸ் ஷீட்டில் '79' என்பது '80' ஆக மாறியது, அவ்வளவுதான்.

விதிகள் எங்கே நிற்கின்றன?

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2ல் டாக்டர்களுக்கான புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. ஜெனரிக் பெயரில்தான் மருந்து எழுத வேண்டும், மருந்து நிறுவனங்கள் செலவு செய்யும் நிகழ்ச்சிகளுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தன. எதிர்ப்பு வந்தது. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 23ல், நிறுத்தி வைக்கப்பட்டது. பழைய 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

மருந்து நிறுவனங்களுக்கான புதிய விற்பனை நெறிமுறைத் தொகுப்பை மத்திய அரசு 2024 மார்ச் 12ல் கொண்டுவந்தது. டாக்டருக்கோ குடும்பத்துக்கோ பரிசு, வெளிநாட்டுப் பயணம் கூடாது என்கிறது. ஆனால் புகார்களை விசாரிப்பது நிறுவனங்களின் சங்கங்கள் அமைக்கும் குழுக்கள்தான்.

சிசேரியனைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விகிதத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2017ல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சராக இருந்த மேனகா காந்தி வலியுறுத்தினார். சிசேரியன் மிக அதிகமாக நடக்கும் நாடுகளில் ஒன்றான பிரேசில் இதை 2015லேயே விதியாக்கியது: கேட்டால் மருத்துவமனை, டாக்டர் இருவரின் சிசேரியன் விகிதத்தையும் காப்பீட்டு நிறுவனம் சொல்ல வேண்டும். அம்மாபேட்டைக் குடும்பம் இன்று ஒரு நர்சிங் ஹோமைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஒரு எண் கையில் இருந்தால், தேர்வே வேறு மாதிரி இருக்கலாம்.

எண்ணை மட்டும் பார்த்தால் சிக்கலான கேஸ்களை எடுக்கும் நல்ல மருத்துவமனை தப்பாகத் தெரியும் என்ற வாதம் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. 'ராப்சன் வகைப்பாடு' என்ற முறையில் எல்லாப் பிரசவங்களையும் 10 பிரிவாகப் பிரித்து, முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, தானாக வலி எடுத்தது போன்ற எளிய பிரிவில் எத்தனை சிசேரியன் என்று தனியாகப் பார்க்கலாம். 2015லிருந்து உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் பரிந்துரைக்கிறது.

அமைப்பை மாற்றினால் முடிவுகள் மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1990களின் நடுவில் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை ஜெனரிக் பெயரில் மொத்தமாக வாங்கித் தருகிறது. அரசு மருந்தகத்தில் எந்தக் கம்பெனி மாத்திரை இருக்க வேண்டும் என்று எந்த விற்பனைப் பிரதிநிதியும் தனித்தனி டாக்டரிடம் பேசிப் பயனில்லை. டாக்டர்கள் நல்லவர்களாக மாற வேண்டும் என்று அது காத்திருக்கவில்லை, தூண்டுதலையே எடுத்துவிட்டது. நார்மலுக்கும் சிசேரியனுக்கும் ஒரே கட்டணம், பிரசவத்தை முழு நேரமும் பக்கத்தில் இருந்து கவனிக்கும் பயிற்சி பெற்ற செவிலியர்கள், தனியாருக்கும் சிசேரியன் தணிக்கை என்று பேசப்படும் தீர்வுகள் எல்லாம் இதே வழியில் யோசிப்பவைதான்.

குடும்பம் என்ன கேட்கலாம்?

2008ல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அதனால் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கேட்க வேண்டிய நேரம், வலி எடுத்த இரவு அல்ல. ஏழாவது எட்டாவது மாதம்.

• "இங்க முதல் பிரசவத்துல எத்தனை பேருக்கு நார்மல், எத்தனை பேருக்கு சிசேரியன் ஆகுதுங்க?"
• "ராத்திரியில மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் இருப்பாங்களா, கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வருவாங்க?"
• "நார்மலுக்கும் சிசேரியனுக்கும் கட்டணம் எவ்வளவு வித்தியாசம்?"
• "பிரசவ அறையில வீட்டுப் பொண்ணு ஒருத்தர் கூட இருக்கலாமா?"

ஆபரேஷன் என்று முடிவானால் இன்னும் மூன்று கேள்வி போதும்.

• "காரணம் என்னங்க, அதை ஷீட்டுல எழுதிடறீங்களா?"
• "இது இப்பவே செய்யணுமா, கொஞ்சம் காத்திருந்து பாக்கலாமா?"
• "காத்திருந்தா என்ன ஆபத்து?"

உண்மையான அவசரம் என்றால் டாக்டரின் பதில் ஒரே வரியில் தெளிவாக வரும்: "குழந்தையோட ஹார்ட் பீட் குறையுது, இப்பவே எடுக்கணும்." அந்த நேரத்தில் தாமதிக்காமல் கையெழுத்துப் போட வேண்டும், கேள்வி கேட்பது உரிமை என்பதற்காக நிமிடங்களை வீணாக்கக் கூடாது. பதில் இழுபட்டால், "எதுக்கு ரிஸ்க்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை என்றால், இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க உரிமை உண்டு. 2018ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அதுவும் இருக்கிறது.

குடும்பத்தின் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. ஜோசியர் நேரத்தைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்துவிட்டு, அவர் மருத்துவத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. காத்திருந்து பார்த்த டாக்டர் மேல், முடிவு எப்படி இருந்தாலும் கை வைப்பதில்லை என்ற நம்பிக்கையை ஊர் கொடுக்காவிட்டால், எந்த டாக்டரும் காத்திருக்க மாட்டார்.

64க்கும் 36க்கும் நடுவில் இருக்கும் அந்த 28 பெண்களில் யாருக்கு ஆபரேஷன் உண்மையில் தேவைப்பட்டது என்று வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கேஸ் ஷீட்டைத் திறந்து பார்க்கும் தணிக்கையால் மட்டும்தான் முடியும். மாநிலத்தில் நடக்கும் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்யக் கற்றுக்கொண்ட தமிழ்நாட்டுக்கு, ஒவ்வொரு சிசேரியனையும் எண்ணிப் பார்ப்பது முடியாத காரியம் இல்லை.